கிரேட் டூவுக்கு ஒரு மொட்டை

கல்லூரியில் சேர உயர்ந்த தேர்ச்சி கேட்பது நியாயமா என்று யாராவது வாதாடினால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. பள்ளி வயதில் இதைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கெல்லாம் என் தலைமுடிதான் பதில் சொன்னது.

மலாயா சுதந்திரம் பெற்றுக் கொடி மாறிய புதிது. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையில், இங்கிலாந்திலிருந்து தாள் வரும் சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை வரை வந்த பெண்கள் இரண்டே பேர். நானும், பக்கத்து வீட்டுத் தோழியும். அவள் தமிழ்ப் பள்ளியில் இருந்துவிட்டுப் பிந்தி இங்கிலீஷ் பள்ளிக்கு வந்தவள். இங்கிலீஷ் பேசும்போது தடுமாறுவாள். தடுமாறுவது மற்றவர்கள் வேலை என்று நான் நினைத்திருந்தேன். இருவருக்கும் ஆசை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மேல். அங்கே கிரேட் ஒன் எடுத்தவர்களுக்குத்தான் இடம்.

"சின்னப் பிள்ளைங்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுக்க கிரேட் ஒன் எதுக்குலா? கிரேட் டூ பத்தாதா?" என்றாள் தோழி ஒருநாள், பள்ளி விட்டு வரும்போது.

"தராதரம்னு ஒண்ணு வேணாமா? வர்றவங்களை எல்லாம் ஏத்திக்க அது காலேஜா, கிளேபாங் பஸ்ஸா?" என்றேன்.

சொல்லிவிட்டு ஜடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. ஏதாவது அறிவாகப் பேசிவிட்டதாகத் தோன்றினால் உடனே அதை இழுத்துப் போட்டுக்கொள்வது என் வழக்கம். தினமும் பலமுறை இழுப்பேன்.

அதே வாரம் வீட்டில் ஒரு விபரீதம் நடந்தது. அம்மா செங் என்ற ஊரிலுள்ள கோயிலுக்குப் போய், மகள் கிரேட் ஒன் எடுத்தால் முழு மொட்டை என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். யாருக்கு மொட்டை? மகளுக்கு!

"வேண்டிக்கிட்டது நீ, முடி என்னோடதா? உன் முடியைக் குடேம்மா!" என்று கத்தினேன்.

"பரீட்சை எழுதுறது நானா?" என்றார் அம்மா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

அப்பா இன்னொரு பக்கம் நின்றார். காலேஜ் கிடைக்காவிட்டால் ஜோகூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தத்தை முடித்துவிடலாம் என்றார். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்திருந்தேன். போட்டோகிராபர் கெஞ்சியும் சிரிக்க மறுத்த முகம். ஆக, தேறினால் முடி போகும், தேறாவிட்டால் நானே ஜோகூருக்குப் போவேன். எனக்கு வாத்தியாரம்மா ஆக வேண்டும். மொட்டை மட்டும் வேண்டாம்.

முடிவு வந்தது. இருவருக்கும் கிரேட் டூ.

உண்மையைச் சொன்னால், முடி தப்பியது என்று அரை நாள் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் அப்பா ஜோகூர் என்று வாயெடுத்ததும் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. கிரேட் ஒன் கேட்பது அநியாயம்! குளிர்காலக் காலைப் பொழுதைப் பற்றிக் கட்டுரை எழுது என்றால் மலாக்காவில் பிறந்தவள் பனிக்கு எங்கே போவாள்? ஒரு தாளை வைத்து ஒருத்தியின் திறமையை அளந்துவிட முடியுமா? தோழி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பஸ்ஸு நிக்காமப் போயிருச்சு போல" என்றாள். அவளுக்கும் அதே பஸ்தான் போயிருந்தது. ஆனால் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

கொஞ்ச நாளில் செய்தி வந்தது. எங்கு பார்த்தாலும் புதுப் பள்ளிகள் திறக்கிறார்கள், ஆசிரியர்கள் பத்தவில்லை. கிரேட் டூ போதுமாம். ஆனால் இனி தேசிய மொழி என்பதால் மலாய்ப் பாடத்தில் நல்ல தேர்ச்சி வேண்டுமாம்.

தோழியிடம் அது இருந்தது. என்னிடம் மலாய்ப் பாடமே இல்லை. எந்தெந்தப் பாடம் என்று பள்ளியில் கேட்டபோது, "மீன்காரர்கிட்ட தினமும் பேசுறதுக்குப் பரீட்சை ஒரு கேடா?" என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டு, நெற்றியில் திருநீற்றோடு பைபிள் பாடம் எடுத்த புத்திசாலி நான். எங்கள் தெருவில் மலாய் தெரியாத தமிழர் கிடையாது. பின்னால் இருந்த, பல தலைமுறைக்கு முன்பே வந்து தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டிகளின் வீடுகளில் நம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே மலாயில்தான் சண்டை போடுவார்கள். வேலியோரம் நின்று கேட்டே வளர்ந்தவளுக்கு யார் வந்து கற்றுக்கொடுப்பது என்ற திமிர்.

தோழி கல்லூரிக்குப் போய்விட்டாள். அப்பா எனக்கு ஒரு வருஷம் தவணை கொடுத்தார். மலாய்த் தாளை மட்டும் தனியாக எழுதித் தேற வேண்டும், இல்லையென்றால் ஜோகூர். சாயங்கால வகுப்பில் குமாஸ்தாக்களோடு போய் உட்கார்ந்தேன். முதல் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்த மலாய் வாத்தியார், "தலைப்பு நம் நாடு. இதில் ஏன் எல்லாரும் விலை பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. என் மலாய் மீன் வாங்கும் பசார் வாசலைத் தாண்டாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜடையை இழுக்கக் கை வரவில்லை.

பரீட்சைக்குப் போகும் காலை, பயத்தில் விளக்கு முன்னால் நின்று, "சாமி, இது மட்டும் கிடைக்கட்டும், மொட்டையே போட்டுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். திரும்பினால் சமையலறை வாசலில் அம்மா.

தேறினேன். கல்லூரியிலும் இடம் கிடைத்தது. உடனே பேரம் தொடங்கினேன்; அதுதான் எனக்கு நன்றாக வருமே. பெண்கள் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தாலே வேண்டுதல் நிறைவேறியதாகக் கொள்வார்கள், அதற்குப் பூமுடி என்று பெயர்.

"வெறும் கிரேட் டூதானேம்மா, பூமுடி போதும். காலேஜே எனக்காக இறங்கி வந்துச்சு, சாமி இறங்காதா?"

"காலேஜ் இறங்கட்டும். சாமிக்குன்னு ஒரு தராதரம் வேணாமா?"

அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான்தான். பேப்பருக்குப் பின்னால் அப்பாவின் தோள் குலுங்கியது.

செங் கோயிலில் முடி இறங்கியது. அழுதேன். சந்தனம் பூசியதும் தலை ஜில்லென்று இருந்தது, அதற்கும் அழுதேன்.

கல்லூரி வாசலில் போய் இறங்கியபோது தலையைச் சுற்றி முக்காடு. புதியவர்களை வரவேற்க மூத்த மாணவிகள் நின்றிருந்தார்கள். நடுவில் என் தோழி. வழியெல்லாம் நான் பயந்தது இதற்குத்தான். குனிந்தபடி நழுவப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தாள்.

"எங்க ஏறுறீங்க? இது காலேஜ், கிளேபாங் பஸ் இல்ல."

முக்காட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மொட்டைத் தலையில் அவள் உள்ளங்கை பட்டது.

"சரி, ஏறு. இடம் இருக்கு" என்று சொல்லி, என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.