எடுத்துவிட்ட நம்பர்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற பெண்களுக்காக நாங்கள் ஒரு செல்போன் குழு நடத்துகிறோம். முகாம், பயிற்சி, சூளை போடும் நாள் என்று எல்லா அறிவிப்பும் பேசிப் பதிந்து அதில்தான் போடுவோம். குழுவில் யார் எவ்வளவு கலந்துகொள்கிறார்கள் என்று பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வாங்க நினைத்த ஆபீஸ், இரண்டை ஓட்டிப் பார்த்து நல்லதைச் சொல்லும்படி என்னிடம் விட்டது.

முதலாவது வண்ண வண்ணமாகப் படம் போட்டது. ஆனால் பதில் போட்டவர்களையும் கட்டைவிரல் காட்டியவர்களையும் மட்டுமே எண்ணியது. இரண்டாவது, சும்மா கேட்டவர்களையும் எண்ணியது. ஆமை வேகம், பார்த்தால் வறட்டு அட்டவணை. ஆளைக் கண்டு மயங்காதே, ஊதுகாமாலை என்பார்கள்; பூரிப்பாகத் தெரிவது நோய் வீக்கமாக இருக்கும். நான் மயங்கினேன். படம் இன்னும் அழகாக வரட்டுமே என்று, மூன்று மாதமாக வாயே திறக்காத ஒரு நம்பரைக் குழுவிலிருந்து எடுத்தும் விட்டேன். அதே நம்பர் ஒரு செய்தி விடாமல் கேட்டிருப்பதாக இரண்டாவது அட்டவணை காட்டியது. பார்த்தேன். பார்த்தும்தான் எடுத்தேன்.

மறுவாரம் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வண்டி வந்துபோனது. மண்தூசியில் வேலை செய்கிறவர்களுக்காகவே வந்த வண்டி. ஒரு கொட்டகையிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை என்றதும் நான் எடுத்த அந்த நம்பர்தான் நினைவுக்கு வந்தது. நேரே போனேன்.

ஆறு பெண்கள், அவர்களுக்கு ஒரே போன். முழங்கைவரை மண்குழம்பு. காலையில் ஒருத்தி கை கழுவி அமுக்கினால் ஆறு பேரும் கேட்பார்களாம். பதில் போட யாருக்குக் கை ஒழிகிறது?

பொங்கலிலிருந்து இருமிக்கொண்டிருந்த மூத்த அக்கா கேட்டார்: "வண்டி வந்துச்சாமே மேடம்? எங்களுக்கு ஒண்ணும் வரலீங்களே. எங்க நம்பர எடுத்துட்டதா காட்டுச்சுங்க. என்ன தப்பு பண்ணோம்னே தெரியல."

அடிப் பாவி, அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"சாஃப்ட்வேரே எடுத்துடுச்சுக்கா. பேசாத நம்பர அது தானா எடுத்துடும்."

இதை எழுதவே கூசுகிறது. அக்கா நம்பிவிட்டார்.

"அடுத்த வண்டி எப்ப வரும் மேடம்?"

"தெரியலக்கா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "கேட்டீங்களாடி? இனிமே எது வந்தாலும் வேலைய வுட்டுட்டு, கைய கழுவிட்டு வந்து கட்டைவிரல் படத்த அமுக்கணும்" என்றார். என் பக்கம் திரும்பி, "தப்பு எங்க மேலதான் மேடம், மன்னிச்சிக்குங்க" என்றார்.

நான், "பரவாயில்லக்கா" என்றேன்.