மூன்றாம் வரிசையில் மாணிக்கம்

போன சனிக்கிழமை எங்கள் ஸ்ரீரங்கம் சபாவில் நாடகம். மேடையில் அப்பா வேஷக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு கதறுகிறார். ஹாலில் ஒருவராவது அவரைப் பார்க்கவேண்டுமே! அத்தனை தலைகளும் மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பியிருந்தன.

அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாணிக்கம்.

மாணிக்கத்தை உங்களுக்குத் தெரியும். அதாவது, முகம் தெரியும். பகலில் திருச்சி ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலமானால் இந்த நாடகக் குழுவின் டாக்டர், ஜட்ஜ், சம்பந்தி. குழுவின் ஆசிரியர் எதை எழுதினாலும் அவருக்கு ஒரு வேஷம் உண்டு. சில சமயம் இரண்டு... முதல் காட்சியில் தாத்தாவாகச் செத்துப்போனவர், நாலாம் காட்சியில் மீசை ஒட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டராக வருவார்.

அவரைக் கண்டுபிடிப்பதில்தான் எங்களுக்குப் பாதி நாடகம். "போன தடவை டாக்டர், இப்ப ஜட்ஜ். உங்களுக்குத்தான் இன்னும் ப்ரமோஷனைக் காணோம்" என்பாள் என் மனைவி.

இந்தச் சந்தோஷம் சபா காரியதரிசிக்குப் பொறுக்கவில்லை. கமிட்டிக் கூட்டத்துக்கு ஆசிரியரை வரவழைத்தார். (நானும் கமிட்டியில் இருக்கிறேன் - கை தூக்குவதற்கு.)

"எத்தனை தரம் ஸ்வாமி அதே மூஞ்சியப் பாக்கறது? ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு!"

"அவர் நடையையும் குரலையும் மனசுல வெச்சுத்தாங்க வேஷமே எழுதறேன்" என்றார் ஆசிரியர்.

"வேற யாரையாவது வெச்சு எழுதுங்கோ. இல்லேன்னா இந்த மேடை கிடையாது."

எந்த ஜனங்களுக்கு அலுத்தது? ஒருவரையாவது கேட்டாரா? வருஷா வருஷம் ஆண்டு விழாவில் அதே ஜரிகை அங்கவஸ்திரத்தோடு அதே வரவேற்புரையை வாசிக்கிறாரே இந்த மனிதர் - அந்த மூஞ்சி எங்களுக்கு அலுக்காதா? இதையெல்லாம் நான் கேட்டேனா என்றால்... கேட்டேன். வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று, பிரமாதமாக.

மேடை இல்லாமல் குழு எப்படிப் பிழைக்கும்? ஆசிரியர் தலையாட்டினார். மாணிக்கத்தின் இடத்துக்கு, தலையில் வெள்ளை பூசிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். அவர்தான் சனிக்கிழமை அப்பா.

"அதோ மாணிக்கம்!"

"ஏங்க, மாறுவேஷமா இருக்குமோ?"

"இருங்க, இடைவேளைக்கு அப்புறம் மேல ஏறுவாரு பாருங்க!"

புது அப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மாணிக்கம் மேடையைக் கையால் காட்டினார். உதட்டில் விரல் வைத்துக் கெஞ்சினார். அதற்கும் சிரிப்பு - நடிக்கிறாராம்! கடைசியில் யாருக்கும் மறைக்காமல் குனிந்தபடியே எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். "என்ன சார், பாதியிலேயே?"

"நான் உக்காந்திருந்தா அந்தத் தம்பி பேசறது யாரு காதுலயும் விழாதுங்க. நல்லாத்தான் பண்றாரு. உள்ள போய்ப் பாருங்க, சார்."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். இத்தனை வருஷம் நடித்த மேடைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிம்மதியாக உட்காரக்கூட அவருக்கு வழியில்லை.

உள்ளே வந்தால், காரியதரிசி என் காதோரம் குனிகிறார்.

"பாத்தேளா? பொறாமை! தாங்காம எழுந்து போயிட்டான்."

நாடகம் நடக்கிறது என்பதையும் மறந்து உரக்கவே சொன்னேன்:

"ஸ்வாமி, எப்ப எழுந்து போகணும்னு தெரிஞ்ச ஒரே மனுஷன் போயிட்டார். மிச்சம் இருக்கறது நாமதான்!"