மஞ்சள் டேப் சுற்றிய ரேஸ் சைக்கிள்

பலாபத்வலவிலிருந்து உள்ளே போகிற கிராமத்தில் பஸ்லியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டே உம்மா மஸூதா, "எங்கட பட்டதாரி ஆபீஸ் போயிட்டாரு" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள். அந்தக் குடும்பத்தில் கெம்பஸ் வாசலை முதலில் மிதித்தவன் அவன். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், நாலந்தாவில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. அரச வேலைக்காரர் எழுத வேண்டிய சிங்களப் பரீட்சையையும் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியிருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

காலை பஸ்ஸில் ஒரு காலை வைக்கவும் இடம் கிடைப்பதில்லை. பேராதனையில் படித்த காலத்திலிருந்தே மனதில் கிடந்த ரேஸ் சைக்கிள் ஆசை, அந்த நெரிசலில் நியாயமான தேவையாக மாறியது. கண்டியில் ஒரு கடையில் புதுசைப் பார்த்தான். விலைச் சீட்டைப் புரட்டியவன் டயரை மட்டும் அமுக்கிவிட்டு வெளியே வந்தான்.

"பட்டதாரிக்கு மோட்டார் சைக்கிள் எடுக்க வழியில்ல, பெடல் மிதிக்கப் போறாராம்" என்று சிரித்தான் சைக்கிள் கடை வைத்திருந்த மச்சான் ரிஸ்வி. பிறகு, "பழசு வாங்கினா பெயின்டப் பாத்து மயங்கிடாத. ரிம்மச் சுத்திப் பாரு" என்றும் சொல்லி அனுப்பினான்.

நாலந்தாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வீட்டு கேட்டில் தொங்கிய மட்டையை பஸ்ஸிலிருந்து கண்டான். சைக்கிள் விற்பனைக்கு. அன்று மாலையே இறங்கிப் போனான். ஊரார் நோனா என்று கூப்பிடும் சிங்களப் பெண் முன்னறைக்கு அழைத்துப்போய் ஒரு பெட்ஷீட்டை விலக்கினாள். சாம்பல் நிறம், மெல்லிய டயர், வளைந்த ஹேண்டிலில் பளிச்சென்ற மஞ்சள் டேப். ஏறி உட்கார்ந்து பார்த்தான். சீட்டை ஏற்றவும் தேவையில்லை, இறக்கவும் தேவையில்லை. டேப்பில் யாரோ விரல் பிடித்துத் தேய்ந்த பள்ளங்கள். அவன் விரல்கள் அவற்றில் போய்த் தாமாகவே உட்கார்ந்தன.

"என் மகன் கிஷாந்தோடது" என்றாள் நோனா. "புதா நெத்தி வுணா."

நெத்தி வுணா, இல்லாமல் போய்விட்டான். பஸ்லிக்கு அந்தச் சொல் தெரியும். பரீட்சைப் பாடத்தில் மரணத்தை மரியாதையாகச் சொல்லும் இடத்தில் மனப்பாடம் செய்தது. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலும் கூடவே நாக்கில் வந்தது. தலையைத் தாழ்த்தி, "நிவன் சுவ லெபேவா" என்றான். செத்தவருக்கு நிர்வாணப் பேறு கிடைக்கட்டும் என்ற வாழ்த்து அது.

பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்த நோனாவின் கை நின்றது.

"கொஹொமத தன்னே?" எப்படித் தெரியும்?

தன் சிங்களத்தைத்தான் கேட்கிறாள் என்று அவனுக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. "ஆபீஸ்லதான், அம்மே. கவர்மென்ட் ஆபீஸ்ல."

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கொண்டுவந்திருந்த பணம் போதாதென்று அவனுக்கே தெரியும். அவள் எண்ணாமலே வாங்கிக்கொண்டாள். "நிறத்த மாத்தாதே. மஞ்சள் டேப்பையும் கழட்டாதே. இந்த ரோட்டிலேயே ஓட்டு" என்று மட்டும் சொன்னாள்.

சைக்கிள் காற்றாகத்தான் போயிற்று. ஆனால் ஹேண்டில் ஓயாமல் இடப்பக்கம் இழுத்தது. நாலந்தாச் சந்தியில் இடப்புறம் லொத்தர் சீட்டு விற்கும் ஒரு கடை. அங்கே உட்கார்ந்திருக்கும் கண் மங்கிய மனிதர் முதல் நாளே எழுந்து நின்று கத்தினார்: "ஆவத?"

வந்தாச்சா என்று நலம் விசாரிக்கிறார் போலும் என்று பஸ்லி, "ஆவா, ஆவா" என்று சிரித்தபடி போனான். மறுநாளும் அதே கேள்வி. தேநீர்க் கடைப் பெண் கையில் கோப்பையுடன் வாசலுக்கு வந்து முதலில் சைக்கிளைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று உள்ளே போய்விட்டாள். இறக்கத்தில் குனிந்து மிதிக்கும்போது, தான் ஓட்டவில்லை, வேறொருவன் உடம்பு வளைந்த வளைவுக்குள் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும். வீட்டில் அதைச் சுவரோடு சாத்தினால் முன்சக்கரம் மெல்லத் திரும்பி ரோட்டுப் பக்கம் பார்க்கும். உம்மா அதைக் கண்டு பிஸ்மி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரேக் கேபிளுக்காக ரிஸ்வியிடம் கொண்டுபோனான். ரிஸ்வி டேப்பைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"டேய், இது கிஷாந்த்ட சைக்கிள்தானே? இந்த டேப்ப சுத்தினதே நான்தான். அவன் வந்துட்டானா?"

"எப்பிடி வாரது? அவன் மவுத்தாகிட்டானே. அவன்ட உம்மாவே சொன்னாங்க, நெத்தி வுணான்னு."

"மவுத்தா? காணாமப் போனவன்டா! தம்புள்ளைக்குப் போய் வாரேன்னு லொத்தர் கடையில இதச் சாத்தி வெச்சிட்டு பஸ் ஏறினவன். நாலு வருசமா ஒரு தகவலும் இல்ல. பர்ஸ் தொலைஞ்சாலும் நெத்தி வுணான்னுதான் சொல்ற. நீ எந்த சிங்களத்தடா பாஸ் பண்ணின?"

பஸ்லிக்கு இப்போதுதான் விளங்கியது. லொத்தர்காரரின் 'ஆவத' அவனைப் பற்றியதல்ல, கிஷாந்தைப் பற்றியது. தமிழில் வினையின் வாலைப் பிடித்தால் வந்தது நீயா, அவனா என்று தெரிந்துவிடும். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு வால் கிடையாது. நோனாவின் 'எப்படித் தெரியும்' என்பதும் அவன் சிங்களத்தைக் கேட்டதல்ல. காணாமல் போன மகனுக்கு இறுதி வாழ்த்துச் சொல்லிவிட்டு, கவர்மென்ட் ஆபீஸில் தெரியும் என்று வேறு சொல்லியிருக்கிறான்.

ஃபோர்க் வளைந்திருக்கிறது, நிமிர்த்திவிட்டுப் போ என்று ரிஸ்வி கூப்பிட்டது காதில் விழவில்லை. பிரேக் சரியானதும் மிதித்தான்.

நோனாவின் கேட்டிலிருந்து ரோட்டு வரைக்கும் கயிற்றில், மரண வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடிகள். நேற்று மகன் பேரில் பிக்குமாருக்குத் தானம் கொடுத்திருக்கிறாள். முன்னறையில் கிஷாந்தின் படத்துக்குப் புது மாலை.

"வா மகன்" என்று ஒரு தட்டை எடுத்துவந்தாள். "உனக்குன்னு மரக்கறி எடுத்து வெச்சேன், பயமில்லாமச் சாப்பிடலாம். நாலு வருசமா எல்லாரும் வருவான் வருவான்னே சொன்னாங்க. நீ ஒருத்தன்தான் நேரே சொன்ன. இந்த வாரந்தான் நான் தூங்கினேன்."

தட்டு அவன் கையில் கனத்தது. பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனால் அவளுக்கு இன்றைக்கும் தூக்கம் வரும். ஆனால் மகன் ஒரு நாள் இந்தக் கேட்டைத் திறந்தால், மாலை போட்ட தன் படத்தைத்தான் பார்ப்பான்.

"அம்மே" என்றான். வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்த சிங்களம் உதிர்ந்துபோயிற்று. "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆபீஸ்லயும் ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னத நான் பிழையா விளங்கிக்கிட்டேன். என்ட சிங்களம் பிழை."

அவள் மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அவன் இருக்கானா?"

"தெரியாது அம்மே."

அவள் முற்றத்தில் இறங்கிக் கேட்டுக்குப் போனாள். கொடிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பாதிக் கொடிகள் மண்ணில் விழுந்தன. மீதியை இழுக்கக் கை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பாதி காற்றில் ஆடியபடியே இருந்தது.

"நாளைக்கும் இந்தப் பக்கமாப் போ" என்றாள், திரும்பாமல். "அவன் எங்கயாவது நின்னு பாத்தா, சைக்கிள அடையாளம் தெரியணும்."

மறுநாள் காலை சந்தியில் ஹேண்டில் வழக்கம்போல இடப்பக்கம் இழுத்தது. லொத்தர்காரர் மங்கிய கண்ணைச் சுருக்கி எழுந்தார்.

"ஆவத?"

பஸ்லி முதன்முறையாகக் காலை ஊன்றி நின்றான். மஞ்சள் டேப்பின் பள்ளங்களிலிருந்து விரல்களை எடுக்கவில்லை.

"தவம நெ" என்றான். இன்னும் இல்லை.