கோவைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஒரு கோடு

கோவைப் பக்கம் அருள்புரத்தில் குடியேறிய புதிதில் வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்டார்: "அம்மா ஊட்டுக்கெல்லாம் போறதில்லீங்களா?"

எனக்கு ஊட்டி என்று காதில் விழுந்தது. "ஊட்டிக்குப் போவ எங்கக்கா வசதி?" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "பெத்தவளப் பாக்கறதுக்கு என்னங்க வசதி வேணும்?"

பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் வேலைக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்போது அவர் பேச்சு எனக்கு அப்படியே புரிகிறது; ஊடு என்றால் வீடு. அம்மா வீட்டுக்கு வசதியில்லை என்று அன்று தெரியாமல் சொன்னது எவ்வளவு உண்மை என்பதும் போன ஐப்பசியில் புரிந்தது.

காலையில் பெங்களூரிலிருந்து தங்கை ஜெபா கூப்பிட்டாள். "அக்கா, அம்மா வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சிட்டாம். சாயங்காலமே ஆபரேஷனாம். நான் பிளைட்டுல கெளம்புதேன்."

விஷயம் கேட்ட வீட்டுக்காரம்மா, "நீயும் கோயமுத்தூருல பிளேன் ஏறிக்க கண்ணு, வெரசாப் போயிரலாம்" என்றார். போனில் தேடினேன். கோவையிலிருந்து அம்மா இருக்கும் தூத்துக்குடிக்கு வான்வழியே முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லையாம். பறந்தால் ஒரு மணி நேரத்துக்குள். வரைபடத்தில் இரண்டு ஊரையும் இணைத்து அழகாக ஒரு கோடு வேறு. அதன் அடியில், நேரடி விமானம் இல்லை, சென்னை போய் மாற வேண்டும் என்றிருந்தது. அன்றைக்குள் அது போய்ச் சேராது. என்னைவிட எட்டத்தில் இருக்கிற ஜெபாவுக்கு நேர் விமானம் உண்டு. வயிறு எரிந்தது. அம்மா அடிபட்டுக் கிடக்கிற நேரத்திலும் எரிந்தது.

அருள்புரத்திலேயே வளர்ந்த என் மகளை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, தாராபுரம், திண்டுக்கல், மதுரை என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வெளியே ஜெபா உட்கார்ந்திருந்தாள். அவள் கைக்குட்டையில் அம்மாவின் கம்மல். உள்ளே போகுமுன் அம்மா கழற்றி அவளிடம் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த சித்தி, "சின்னவ பறந்துல்லா வந்துட்டா!" என்றார். மாதந்தோறும் பஸ்ஸில் வந்து போகிற என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாளே ஜெபா பறந்துவிட்டாள். நான் இருந்து அம்மாவைக் குளிப்பாட்டினேன், தாங்கிப் பிடித்து நடக்கவைத்தேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "எனக்காவ ஏரோப்பிளேன்ல வந்தா எம் மவ" என்றாள். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "நானும் வந்தேம்லாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா வியப்பாகப் பார்த்தாள். "நீ வருவேன்னு தெரியும்லாட்டி. அவ வருவாளோ மாட்டாளோன்னுதான் கெடந்தேன்."

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். வராமலே இருந்து ஒருநாள் வருகிறவளுக்குக் கிடைக்கும் அந்த மகிழ்ச்சி எனக்கு ஒருநாளும் கிடைக்காது என்றுதான் எனக்குக் கேட்டது.

திரும்பும்போது திண்டுக்கல் நிலையத்தில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அம்மா போனில் கூப்பிட்டாள்: "ஜெபா அன்னைக்கு மத்தியானமே போய்ச் சேந்துட்டா. நீ இன்னும் ரோட்லயாட்டி நிக்க?" வைத்த கையோடு அருள்புரத்திலிருந்து என் மகள்: "எப்பங்மா நம்மூருக்கு வருவீங்க?" பேசி முடித்து நிமிர்ந்தபோது, தாராபுரம் வண்டியும் மதுரை வண்டியும் அடுத்தடுத்து நின்றன. இரண்டு நடத்துனர்களும் என்னைப் பார்த்துத்தான் கூவிக்கொண்டிருந்தார்கள்.