கொட்டகையில் ஓர் உப்பளம்

பேரன் டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துதான் பார்ப்பான். கண் டாக்டர் அவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, "டி.வி.யைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார். நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்பது போல மருமகள் என்னைப் பார்த்தாள். நான் என் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். யோக்கியதை என்று ஒன்று வேண்டாமா?

நான் பையனாக இருந்த யுத்த காலம் அது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு டூரிங் சினிமாக் கொட்டகை போட்டிருந்தார்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பது என் தாய்மாமன். சாயங்காலம் அவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. மாமா மீன் முள்ளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து சாப்பிடுகிற மனிதர். சட்டி காலியாகும் வரை நான் எங்கே நிற்பது? உள்ளேதான்.

தரை டிக்கெட்டுக்கும் முன்னால், திரையின் காலடி மணலில் மல்லாந்து கிடப்பேன். கடல் காற்றில் திரை தோணிப் பாய் மாதிரி புடைக்கும். கதாநாயகிக்கு ஒரு கன்னம் வீங்கும், அடுத்த காற்றில் வற்றும். ஒரே படம்தான், தினமும் பார்த்தேன். வசனகர்த்தாவே மறந்திருப்பார், எனக்கு மறக்காது.

ஒரு மாதத்தில் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டன. கழுத்து அண்ணாந்தபடியே பிடித்துக்கொண்டது. வகுப்பில் வாத்தியார், "மோட்டுவளையில என்னல தொங்குது?" என்று பிரம்பை எடுத்தார். அம்மா பயந்துபோய், தெருமுனை டாக்டரின் கம்பவுண்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

கம்பவுண்டர் என் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். "பய உப்பளத்துல சுத்துதானோ தாயி? வெள்ளை உப்புல வெயில் பட்டுக் கண்ணுல அடிச்சிருக்கு."

"அவுக அப்பாவுக்கு அங்கனதான அண்ணாச்சி வேல. இவனும் பொறத்தால போயிருப்பான். ஏலே, போனியா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையாட்டலாம் என்றால் கழுத்து அசைந்தால்தானே?

கம்பவுண்டர் சொட்டு மருந்து ஊற்றினார். "பகல்ல வெளிய விடாதிய. சாயங்காலம் மட்டும் காத்தாட எங்கயாவது அனுப்புங்க" என்றார். அந்த மனிதர் மகராசனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே, வைத்தியர் சொற்படி, தூக்குச்சட்டியோடு காத்தாடக் கிளம்பினேன்.

நாலைந்து நாள் கழித்து, ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். முறுக்கு வாங்க முன்னால் வந்த ஒருவர் என் மேல் தடுக்கிக் குனிந்தார். அதே கம்பவுண்டர்.

"ஏலே! இதுதானால ஒன் உப்பளம்?"

மறுநாள் விஷயம் வீட்டுக்கு வந்தது. அம்மா அடிக்கவில்லை. தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "இனிமே நானே கொண்டு போறேன். நீ வீட்டுல கெட." அடித்திருக்கலாம். கொட்டகைப் பாட்டு காற்றில் எங்கள் முற்றம் வரைக்கும் வரும். வார்த்தை புரியாத அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு, படத்தை என் தலைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு கிடந்தேன். கண் சிவப்பு வடிந்தது, கழுத்தும் இறங்கியது. ஆரோக்கியம் இவ்வளவு சலிப்பானது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

முதல் நாள் அம்மா போன சூட்டிலேயே திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள், "ஒங்க மாமா மெதுவாத் திங்காரு" என்றாள். அப்புறம் அதுவும் சொல்வதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தப் படத்தில் கதாநாயகியின் குழந்தை காணாமல் போகும் இடம் ஒன்று உண்டு.

பதினைந்து நாள் போயிருக்கும். சொட்டு மருந்துக்காக மறுபடியும் கம்பவுண்டரிடம் போனோம். இந்தத் தடவை அம்மாவுக்கு. அவர் இமையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன தாயி, நீங்களும் அளத்துக்குப் போறியளோ?"

அம்மா என் காலை மிதித்தாள். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் தூக்குச்சட்டி கனமாக இருக்கிறது என்று சொல்லி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போனோம்.