சோபா ரிப்பேர் அனுப்பும் முகங்கள்

லிஃப்ட்காரரின் மனைவிக்கு ஒரு சோபா ரிப்பேர்காரனோடு பழக்கம் என்று தெருவில் ஒரு பேச்சு. யார் கிளப்பியது என்று விசாரித்தால் பால் கடை மருந்துக் கடையைக் கைகாட்டியது. மருந்துக் கடை சலூனைக் கைகாட்டியது. சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமலே செல்போன் ரிப்பேர் கடைப் பக்கம் தாடையை ஆட்டினார். "நமக்கெதுக்குங்க ஊர் வம்பு" என்று மூன்று பேருமே சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்தான் விவரங்களை ஒன்றுவிடாமல் சொல்வார்கள்.

பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. லிஃப்ட்காரர் வீட்டில் சோபாவே கிடையாது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டில், கால் ஆடும் ஒரு முக்காலி, அவ்வளவுதான் ஆசனம். மனைவிக்கும் அதற்கெல்லாம் பொழுது ஏது? கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. "இப்ப தெளிவா தெரியுதா, இல்ல இப்ப தெளிவா தெரியுதா?" என்று நாளெல்லாம் ஊர்க் கண்களைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் தன் கண்ணைத் திறந்து வைக்கவே தெம்பு இருக்காது.

ஆனாலும் ஓட்டைப் படகாக இருந்தும் வதந்தி மிதந்து மிதந்து, போக வேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்தது. லிஃப்ட்காரர் நேரே செல்போன் கடைக்குப் போனார்.

"அண்ணே, சத்தியமா நான் பாக்கணும்னு பாக்கல" என்றார் கடைக்காரர். "வீட்டம்மா டிஸ்ப்ளே உடைஞ்சு போச்சுன்னு குடுத்தாங்க. மாத்திட்டு எரியுதான்னு பாக்கணுமில்ல? எரிஞ்சுது. எரிஞ்சதும் மேல வந்து நின்னுச்சு."

"என்ன நின்னுச்சு?"

"மூஞ்சி. சோபா ரிப்பேர்னு பேரு போட்டு, கீழ மூஞ்சி."

"யாரு மூஞ்சி?"

கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் போட்டுக் காட்டினார்:

(._.)

லிஃப்ட்காரர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவருக்குத் தெரிந்து, பேனலில் நம்பர் வர வேண்டிய இடத்தில் கோடு வந்தால் பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது என்று அர்த்தம்.

"ஏதோ மாட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

"அட, இது மூஞ்சிண்ணே. ரெண்டு பக்கமும் கன்னம். ரெண்டு புள்ளி கண்ணு. நடுவுல வாய்."

"சிரிக்குதா?"

"சிரிச்சா வாய் வளையாதா?"

"அழுவுதா?"

"அழல. சும்மா ஒரு மாதிரி இருக்கு. பஸ்ஸ விட்டுட்டு, அடுத்த பஸ்ஸுக்கு அவசரமில்லாம நிக்கிறவன் மாதிரி." கடைக்காரருக்குத் தன் விளக்கம் தனக்கே பிடித்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த மஞ்ச உருண்டை மூஞ்சி இருக்கு பாருங்க, அது ரெடிமேடுண்ணே. ஒரு தட்டு தட்டினா வந்துடும். இது கைவேலை. ஒவ்வொரு புள்ளியா தேடி வைக்கணும். மனசு ஒட்டாத ஆளுக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டாங்க."

லிஃப்ட்காரர் வெளியே வந்து, தெருவோரம் நின்று, தனக்கு மனைவி அனுப்பியவற்றை மேலே மேலே தள்ளிப் பார்த்தார். 'பால்.' 'சரி.' 'வர லேட்டாகும், சாப்பிடுங்க.' 'சோப்பு.' மீதியெல்லாம் கட்டைவிரல். ஆறு மாதத்தில் நாற்பத்தொரு மஞ்சள் கட்டைவிரல். அத்தனையும் ரெடிமேடு.

ரோஜாப்பூ, இதயம் என்று ஏதாவது வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சத்தம் போடலாம், சாப்பிட மறுக்கலாம், மச்சானைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கலாம். அதற்கெல்லாம் வழிமுறை இருக்கிறது. இந்த வாடிய மூஞ்சிக்கு என்ன செய்வது? சிரிப்பை அவள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகட்டும். வருகிற போகிற கஸ்டமருக்கெல்லாம் கொடுக்கிறாள், கொடுப்பதற்குச் சம்பளமும் வாங்குகிறாள். ஆனால் வாட்டத்தை ஒருத்தனிடம் காட்டினால், அவனைக் கூடத்தைத் தாண்டி உள்ளே கூட்டிப் போனதாகத்தானே அர்த்தம்? இருபது வருடம் குடும்பம் நடத்தியவனுக்குக் கட்டைவிரல், ஆணி அடிக்கிறவனுக்கு மூஞ்சியா?

அடுத்த விடுமுறையில் சமையலறை பல்பை மாற்றுகிற சாக்கில் முக்காலி மேல் ஏறினார். பல்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கீழே மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனில் ஏதோ செய்துகொண்டிருந்தார். உயரத்திலிருந்து எட்டிப் பார்ப்பது லிஃப்ட்காரருக்குத் தொழில்முறைப் பழக்கம். மனைவியின் விரல் ஒரு புள்ளியைத் தேடி எடுத்தது, கொஞ்சம் யோசித்தது, அழித்தது, ஓர் இடம் விட்டு மறுபடி வைத்தது.

( ._.)

ஐந்து நிமிடம் கழித்துப் பதில்:

(._. )

ஒன்று வலப்பக்கம் பார்க்கிறது, இன்னொன்று இடப்பக்கம் பார்க்கிறது. ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து, பேசாமல், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. மனைவி போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு லிஃப்ட்காரர் வயிற்றில் போய் எரிந்தது. முக்காலி வேறு ஆடியது.

"பாத்துங்க, விழுந்துடப் போறீங்க" என்றார் மனைவி, தலை நிமிராமலே.

மறுநாள் முதல் சோபா ரிப்பேர்காரர்களைத் தேடிப் புறப்பட்டார். நடந்து போகிற தூரத்தில் மூன்று பேர். முதலாமவருக்கு எழுபது வயது, கையில் பொத்தான் போன், அதிலும் பாதிப் பொத்தான் அழுந்தாது. இரண்டாமவர் சரியான சிடுசிடுப்பு. வாடிய மூஞ்சி அனுப்புகிற ஆளில்லை, வாட வைக்கிற ஆள். மூன்றாமவர் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அடர்ந்த மீசை, சுருட்டை முடி, வாயில் வரிசையாக ஆணி. ஆணிகளை எடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"சொல்லுங்க சார், எத்தனை சீட்டு?"

"சீட்டு... இன்னும் முடிவு பண்ணல."

"ஸ்பிரிங் போயிடுச்சா?"

"சோபாவே இல்ல."

மீசைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சோபா வாங்கிட்டு வாங்க சார். அது கிழியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"போன்ல புள்ளி வெச்சு மூஞ்சி போடத் தெரியுமா உங்களுக்கு?"

"நம்ம வேலை உட்கார்ற இடத்தோட சரி சார். மூஞ்சிக்கெல்லாம் வேற ஆளப் பாருங்க."

ஆள் கெட்டிக்காரன், பிடி கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறென்றால் அவருக்கு அக்கா வீட்டு டியூட்டி. அக்கா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மகளைத் தூர தேசத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். அக்காவுக்கும் தம்பி மனைவிக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. "இனி அவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று அக்கா சொல்ல, "நானும் ஒரு எழுத்து எழுதமாட்டேன்" என்று மனைவி சொல்ல, இரண்டு பேருமே சொன்ன சொல் தவறாதவர்கள். அன்றிலிருந்து போக்குவரத்தெல்லாம் லிஃப்ட்காரர் மூலம்தான். மேலே இருப்பதைக் கீழே இறக்கி, கீழே இருப்பதை மேலே ஏற்றி, இடையில் சூட்டைக் குறைத்துச் சொல்லி, இந்த இரண்டு வீட்டையும் தாங்கி நிற்கிற கம்பியே தான்தான் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

அக்கா டீ போட உள்ளே போயிருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது. திடீரென்று வெளிச்சம் போட்டது.

( ._.)

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, சோபா ரிப்பேர்காரன் அக்காவையும் விட்டு வைக்கவில்லையா? குடும்பத்தையே வளைத்துவிட்டானா? பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பியவர் பெயரைப் பார்த்தார். 'கண்ணாடிக் கடை' என்றிருந்தது.

அவர் மூளை மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஏறினால் சரியான மாடியில் நிற்கும். குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். சாம்பல் நிறம், ஒரு கை கிழிந்து நூல் தொங்குகிறது. அப்பா வீட்டைக் காலி செய்தபோது யார் எடுத்துப் போவது என்று சண்டை வந்து, அக்கா எடுத்து வந்த சோபா. மூன்று வருடச் சண்டையின் மேல்தான் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அக்கா டீயோடு வந்தார். போனை எடுத்துப் பார்த்தார். முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பி, கண் தாழ்ந்து, வாய் ஒரு கோடாக நின்றது. அடைப்புக்குறி ஒன்றுதான் குறை. கட்டைவிரலால் புள்ளி வைத்துக்கொண்டே சொன்னார்:

"டேய், போனதும் அவகிட்ட சொல்லிடு. ஜென்மத்துக்கும் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு."

"சரிக்கா."

"அழுத்திச் சொல்லு. நீ எப்பவும் பாதிய முழுங்கிடுவ."

"யாருக்கு அனுப்புற?"

"ஆபீஸ்" என்றார் அக்கா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றே கால் மணிக்கு.

எதிரி என்று ஒருத்தன் இல்லை என்றானதும் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். லிஃப்ட்காரருக்கு அது இரண்டு மடங்காகிவிட்டது. மீசைக்காரனாக இருந்தாலாவது முறைக்கலாம், ஊரும் கூட நிற்கும். சொந்த அக்காவை என்ன செய்ய முடியும்? சின்ன வயதில் மார்க்கு குறைந்தால் அக்கா அவரிடம்தான் வந்து முதலில் சொல்வார். அந்த அக்காவும் இப்போது அவரிடம் டீயும் திட்டும் மட்டும் கொடுத்துவிட்டு, மூஞ்சியை அங்கே அனுப்புகிறார். இரண்டு பக்கமும் தாங்குகிற கம்பியாம்! கம்பியைச் சும்மா தொங்கவிட்டுவிட்டு இரண்டு பேரும் மாடிப்படி வழியாகப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா என்ன சொன்னாங்க?"

"ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டாளாம்."

"எனக்கும் ஒண்ணும் ஆசை இல்லைன்னு சொல்லிடுங்க."

"சோபா ரிப்பேர் எந்த மட்டுல இருக்கு?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையின் ஒரு கை அந்தரத்தில் நின்றது. மனைவி நிமிர்ந்து, கடையில் கஸ்டமர் கண்ணைப் பார்க்கிற மாதிரி அவர் கண்ணைப் பார்த்தார்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிடாதீங்க. உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா பேச வேண்டி வரும். பேசினா அஞ்சாவது நிமிஷம் சண்டைதான்." சட்டையை மடித்து முடித்தார். "ஒரு நாள் கை தவறி அவங்களுக்கு ரெண்டு புள்ளி போயிடுச்சு. எதுக்குடா போச்சுன்னு பயந்துட்டிருந்தேன். அவங்க நடுவுல ஒரு கோடு வெச்சுத் திருப்பி அனுப்பினாங்க. அப்படி ஆரம்பிச்சது."

"உனக்கு என்ன வருத்தம்?"

"ஒண்ணுமில்ல. நாலு மணிக்குக் கடை காலியா இருக்கும். வெயில் சாய்ஞ்சு, அத்தனை கண்ணாடிலயும் விழும். யாரும் போட்டிருக்க மாட்டாங்க. அப்ப ஒரு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"அத எனக்கு அனுப்ப வேண்டியதுதானே?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அனுப்பினேனே! போன வருஷம். நாலு மணிக்கு அனுப்பினேன். நாலு இருபதுக்கு டூல்ஸ் பையோட கடை வாசல்ல வந்து நின்னீங்க. முதலாளி முன்னாடி 'எங்க வலிக்குது, எப்பலேருந்து, விட்டு விட்டா, தொடர்ந்தா'ன்னு கேட்டீங்க."

லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. "நீ மயங்கி விழுந்து, விரல் பட்டு புள்ளி வந்துடுச்சுன்னு நினைச்சேன். கம்ப்ளைண்ட் வந்தா அரை மணிக்குள்ள ஆள் போய் நிக்கணும். அது எங்க கம்பெனி ரூல்."

"அது கம்ப்ளைண்ட் இல்லைங்க. எதுவும் ரிப்பேர் பண்ண வேண்டாம். பாத்துட்டுச் சும்மா இருந்தா போதும். உங்க அக்காவுக்கு அது வருது. என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்க. கேக்கணும்னா பேசணுமே!"

லிஃப்ட்காரர் நாற்காலி விளிம்பைத் தடவிக்கொண்டே, கடையில் தனக்கு வேண்டிய சாமானைக் கேட்க வெட்கப்படுகிறவர் போல, "எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்றார்.

"போன் பண்ணக்கூடாது."

"பண்ணல."

"நேர்ல வரக்கூடாது."

"வரல."

"ராத்திரி வந்து விசாரிக்கக்கூடாது."

இதற்கு மட்டும் கொஞ்சம் தாமதமாயிற்று. "சரி."

"ஒண்ணு தர்றேன். ஆனா வரும்போதுதான் வரும். கேட்டு வாங்கறதுல சேராது."

திங்கட்கிழமை நான்கு மணிக்கு ஒன்பது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் இருந்தார். கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்து வைத்துக்கொண்டார். நான்கு பத்துக்கு வந்தது. 'கடலை மாவு அரை கிலோ.' செவ்வாய்க்கிழமை கட்டைவிரல். புதன்கிழமை ஒன்றுமே இல்லை. வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னும் வரலையே?"

"வரலைங்க. நான் என்ன பண்ண? இந்த வாரம் நல்லா இருக்கேன்."

"எப்பலேருந்து?" என்றார் கவலையோடு.

அதற்கு ஒரு மஞ்சள் சிரிப்பு மூஞ்சிகூடக் கிடைக்கவில்லை. மனைவி நேரிலேயே சிரித்துவிட்டார்.

இதற்கிடையில் அக்காவுக்கு இரண்டு போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு வந்தார். "அது எப்படி அவளுக்கு மட்டும் வருது?" என்று கேட்டால், "அது காலைல வந்துச்சு, அவங்க கணக்கு வேற" என்கிறார் மனைவி.

இன்றோடு பதினேழு நாள். மனைவி நல்ல நிறத்தில் இருக்கிறார், மூன்று வேளையும் பசிக்கிறது, பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் லிஃப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெளியே சொல்லவும் முடியாது. மனைவி சந்தோஷமாக இருக்கிறாள் என்று எவனிடம் போய்ப் புகார் கொடுப்பது?

"தர்றேன்னா தர்றேங்க, எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்" என்று நேற்றும் சொன்னார்.

தரவில்லை.