ஆற்றிலிருந்து பிடுங்கிய கழிகள்

1964-ஆம் வருடம், தீபாவளி கழிந்து வந்த வெள்ளிக்கிழமை. செஞ்சியில் அன்று சந்தை. என் கணவர் சந்தையில் மாட்டுக்கயிறு விற்கிறவர். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

நான் எட்டாவது வரை படித்தவள். வெளி ஆண்களிடம் நின்று பேசிப் பழக்கம் கிடையாது. கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனால்கூடத் தூக்கை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான் அன்று போட்ட சத்தத்தை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் வெட்கமாக இல்லை.

என் நாத்தனாரை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேரனுக்குக் காதுகுத்து. காலையில் ஆற்றைத் தாண்டி சந்தைக்கு வந்தவள், சாமான்களை வாங்கிக்கொண்டு, கூடமாட வேலை செய்ய என்னையும் அழைத்துக்கொண்டு மத்தியானம் கிளம்பினாள்.

ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உருண்டைப் பாறைகள் குவிந்த குன்றுகள். பழைய கோட்டை மதில் இடிந்த சந்து வழியாக வண்டிப்பாதை இறங்கி, புன்செய்க் கொல்லைகளுக்கு நடுவே ஆற்றுக்குப் போகும். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் எங்கு பார்த்தாலும் பச்சை. பாதி வழியில் பட்டணத்துப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எதிரே வந்தார்கள். எல்லாருக்கும் இருபது, இருபத்தைந்து வயதிருக்கும். காலில் கான்வாஸ் பூட்ஸ், முதுகில் பை, ஒருவன் கழுத்தில் காமிரா. ஆளுக்கொரு கழியை ஊன்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தார்கள்.

என் நாத்தனாருக்கு யாரைப் பார்த்தாலும் பேச வேண்டும். “இன்னா தம்பிங்களா, கழியும் கையுமா கோட்டையப் புடிக்கக் கெளம்பிட்டீங்களா?” என்று கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். சிங்கவரம் கோயிலைப் பார்த்துவிட்டு, ஆற்றோரமாகவே நடந்து, ஆற்றைக் கடந்து வருகிறார்களாம். அடுத்து ராஜகிரி மலை ஏறப் போகிறார்களாம். பஸ்ஸே ஏறாமல் நடந்து சுற்றுவதுதான் அவர்களுக்குப் பிடிக்குமாம். நாத்தனார் மடியிலிருந்த அவித்த வேர்க்கடலையை அள்ளி அவர்களுக்குக் கொடுத்தாள். நான் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். மலை ஏறுகிறவர்கள் கழி வைத்திருப்பது புதிதில்லை என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆற்றங்கரைக்கு வந்ததும் நாத்தனார் நின்றுவிட்டாள். ஆற்றில் ஒரு கழிகூட இல்லை.

எங்கள் ஆறு வருடத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். ஆனால் மழைக்காலத்தில் புதுத் தண்ணீர் வந்து வடிந்தால் மணல் இடம் மாறிவிடும். போன வாரம் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் இந்த வாரம் ஆளை முழுங்கும் மடு இருக்கும். தண்ணீர் கலங்கல், அடி தெரியாது. அதனால் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் அக்கரை ஊர்க்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, காலால் தடவித் தடவிப் பார்த்து, மேடான வழியில் கரைக்குக் கரை சவுக்குக் கழி நடுவார்கள். ஒவ்வொரு கழியின் தலையிலும் கிழிந்த புடவைத் துண்டு கட்டியிருக்கும். கழியை ஒட்டியே நடந்தால் முழங்கால்தான் நனையும். அடுப்பெரிக்க வேலிப்படலைக்கூட உருவிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர்கள்கூட அந்தக் கழிகளைத் தொடமாட்டார்கள்.

“தண்ணி அடிச்சிகினு போயிருக்குமோ?” என்றாள் நாத்தனார். ஆனால் தண்ணீர் காலையில் இருந்த அளவுதான் இருந்தது. காலையில் வந்த வழி தனக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி, என்னைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். முதலில் முழங்கால், பிறகு தொடை. ஒரு அடி இடது பக்கம் எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், தலை தெரியவில்லை.

மூட்டை மட்டும் மிதந்து போனது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கொஞ்சம் தள்ளி அவள் முகம் மேலே வந்தது. கை எதையோ பிடித்திருந்தது. பிடுங்க வராமல் தண்ணீருக்கடியில் முறிந்து நின்ற ஒரு கழியின் அடிக்கட்டை அது என்று பிறகுதான் தெரிந்தது. வாய்க்குள் தண்ணீர் போவதும் அவள் துப்புவதுமாக இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கயிற்றுக்கடைக்காரன் பெண்டாட்டி கையில் ஒரு முழக் கயிறு இல்லை.

கட்டியிருந்த புடவையை அவிழ்த்தேன். ஒரு நுனியில் கல்லை முடிந்து, முழங்கால் ஆழம் வரை போய் வீசினேன். முதல் தடவை எட்டவில்லை. இழுத்துச் சுருட்டி மறுபடியும் வீசினேன். அவள் பிடித்துக்கொண்டாள். நான் இழுக்க இழுக்க மணல் என் காலடியில் கரைந்தது. அந்த நேரத்தில் சந்தையிலிருந்து திரும்பிய ஒரு வண்டிக்காரர் குதித்து ஓடிவந்து என் பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தார். நாத்தனாரைக் கரையில் போட்டதும் அவர் என் பக்கம் திரும்பாமலே தன் துண்டை அவிழ்த்துப் பின்னால் நீட்டினார். அந்த மனிதரை நான் தினமும் கும்பிடுகிறேன்.

நாத்தனார் தண்ணீரைக் கக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். அவளைப் பனைமரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தபோதுதான் பார்த்தேன். மரத்தடியில் புடவைத் துண்டுகள், கட்டிய முடிச்சு அவிழாமல், உருவி எறியப்பட்டுக் கிடந்தன. பக்கத்திலேயே கத்தியால் சீவிய சவுக்குப் பட்டை, ஈரம் காயாமல். சுற்றிலும் பூட்ஸ் தடம். அந்தப் பட்டணத்துப் பையன்கள்தான் கரையேறியதும் இங்கே உட்கார்ந்து, கைக்கு வாகாகச் சீவிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கழிகளை ஊன்றி வந்தவர்களுக்குத்தான் என் நாத்தனார் கடலை கொடுத்து உபசாரம் செய்திருக்கிறாள்.

பொழுது சாய்வதற்குள் சந்தைக்கூட்டம் திரும்பும். தலையில் சுமையும் இடுப்பில் குழந்தையுமாகப் பெண்கள் வருவார்கள். வண்டிக்காரர், “நான் இங்கயே நிக்கிறேம்மா, ஒருத்தரையும் எறங்க வுடமாட்டேன். நீ போயி ஆளக் கூட்டிகினு வா,” என்றார். ஈரப்புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

அந்தப் பையன்கள் மதில் சந்துக்குப் பக்கத்துக் கிணற்றடியில் டிபன் தின்றுகொண்டிருந்தார்கள். கழிகள் மதிலில் வரிசையாகச் சாத்தியிருந்தன. மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன். ஒருவன்கூட எழுந்து நிற்கவில்லை. “வெறும் குச்சிதானேம்மா? ஒரு போர்டு வெச்சிருந்தா நாங்க தொட்டிருப்போமா?” என்றான் காமிராக்காரன்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. “நீங்க அந்தக் கழியப் பாத்துத்தான்டா ஆத்தத் தாண்டுனீங்க. போர்டு பாத்தா தாண்டுனீங்க?” என்றேன். அந்நிய ஆண்பிள்ளையை நான் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன், கணக்குப் பாடம் விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னான். ஆமாம், கழியைப் பார்த்துத்தான் வந்தார்களாம். கடைசியாக வந்தவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தானாம். “எங்களுக்குப் பின்னால யாரும் வரலையேம்மா.”

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. எழுந்து வந்து ஆற்றில் இறங்கிப் பிடுங்கிய இடத்திலேயே நடுங்கள் என்றேன். நேரமாகிவிட்டது, மலை ஏறி இறங்கி ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். வேண்டுமானால் கழிகளை எடுத்துக்கொள்ளலாமாம். என்னவோ அவர்கள் வீட்டுக் கழியைத் தானம் செய்வதுபோல. கடலைத் தோல் அவர்கள் காலடியில் கிடந்தது. நான் காறித் துப்பிவிட்டு, எல்லாக் கழிகளையும் சேர்த்துக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு சந்தை வரைக்கும் நடந்தேன்.

சொட்டச் சொட்ட நனைந்து, கழிக்கட்டோடு சந்தை நடுவே நான் வந்து நின்றதைப் பார்த்து என் கணவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார். கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு அவரும் அக்கரை ஊர் ஆட்களும் ஓடினார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வழியை மறுபடி தடவிப் பார்த்துக் கழிகளை நட்டார்கள். சந்தைக்கூட்டம் கரையில் காத்திருந்து ஒவ்வொருவராகக் கடந்தது. நாத்தனாரை வண்டிக்காரர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காதுகுத்து தை மாதத்துக்குத் தள்ளிப்போனது.

பிறகு நடந்ததும் என் கோபத்தை ஆற்றவில்லை. ஆற்றங்கரையில் புடவையை அவிழ்த்தாளாமே என்றுதான் தெருவில் பேசினார்கள். கழியைப் பிடுங்கியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. என் கணவர்கூட, “பாவம், படிக்கிற பசங்க, தெரியாம செஞ்சிட்டாங்க, வுடு,” என்றார். அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார்.

தெரியாமல் என்றால் எதைத் தெரியாமல்? ஆழம் எது, மேடு எது என்று அந்தக் கழிகள்தான் அவர்களுக்குச் சொல்லின. அவற்றை நம்பித்தான் ஒவ்வொரு அடியும் வைத்தார்கள். கழி எதற்கு என்று தெரியாதவன் பிடுங்கியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்தக் கழியாலேயே பிழைத்துக் கரையேறியவர்கள் பிடுங்கினார்கள்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போதும் கூட்டத்தில் பேச எனக்குக் கூச்சம்தான். ஆனால் தான் கடந்துவிட்டால் வழியே முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்களை எங்கே பார்த்தாலும், எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்ற அந்தப் பையனின் குரல் என் காதில் விழுந்து, இன்றைக்கும் என் உடம்பெல்லாம் எரிகிறது.